படலையில் செருகியிருந்த முள்

உங்கள் வீட்டு வேலியிலும் ஒரு பொட்டு இருந்திருக்கும். தென்னோலைக் கிடுகு வேலியில் ஒரு ஆள் குனிந்து போய்வரக்கூடிய இடைவெளி. மதிலுக்குள் பிறந்த இன்றைய பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். என் வயதுக்காரர் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உப்புக் கேட்டுப் போவதும், அடுப்புக்குத் தணல் வாங்கி வருவதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்புவதும் எல்லாம் அந்த வழியால்தான்.

எங்கள் பொட்டுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இருந்தார். அம்மாவின் ஒரே அக்கா. பெரியப்பா இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகளும் இல்லை. உவர்மலை அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளவு, நடுவில் பங்குக் கிணறு, பின்னால் மலை வரைக்கும் பற்றைக்காடு. துறைமுகத்தில் பெரிய கப்பல் கூவினால் எங்கள் குசினித் தட்டில் இருக்கிற சட்டிகள் நடுங்கும். அப்பாவுக்கு வேலையும் துறைமுகத்திலேதான். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் காக்கிச் சட்டையில் எண்ணெய் மணக்க வருவார். வழியில் கிடக்கிற ஆணி, கம்பித்துண்டு, முறிந்த ஊசி எதையும் விடமாட்டார். குனிந்து பொறுக்கிக்கொண்டுதான் நடப்பார்.

ஜிம்மி எந்த வீட்டு நாய் என்று என்னால் சொல்ல முடியாது. படுப்பது எங்கள் விறாந்தையில். சாப்பிடுவது பெரியம்மாவின் குசினி வாசலில். செம்மண் நிறம், ஒரு காது மடிந்து கிடக்கும். மத்தியானம் பெரியம்மா மீன்தலை போட்டுப் பிசைந்த சோற்றை ஒரு பழைய எனாமல் கோப்பையில் வைத்து, நாக்கால் ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தத்தை வேறு யார் போட்டாலும் ஜிம்மி திரும்பியும் பார்க்காது. நான் எத்தனையோ தரம் போட்டுப் பார்த்து வாய் நொந்திருக்கிறேன்.

அந்த வருஷம் வறண்ட கச்சான் காற்று மூர்க்கமாக அடித்தது. கிணற்றில் வாளி விட்டால் அடியில் உரசி மண்ணோடுதான் வரும். பற்றை எல்லாம் காய்ந்து, இரவில் யாரோ உள்ளே நடப்பது போல இலைகள் சரசரக்கும். அந்த நாட்களில் ஒரு காலை, முற்றம் தெளிக்கப் போன அம்மா வேலி வாசல் படலையடியில் நின்று குழறினார்.

"ஐயோ, என்ர பிள்ளையாரே!"

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். படலைக் கிடுகில், என் கை எட்டாத உயரத்தில், ஒரு முள் செருகியிருந்தது. ஒரு சாண் நீளம். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி. முள்ளம்பன்றி முள்.

முள்ளம்பன்றி முள்ளை ஒரு வீட்டு வாசலில் யாராவது வைத்தால் அந்த வீட்டில் சண்டை மூளும், குடும்பம் பிரியும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. உங்களில் பாதிப் பேருக்கு இப்போதும் அந்தப் பயம் இருக்கும். எனக்கு இல்லையென்று கடவுளறியச் சொல்லமாட்டேன்.

"இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ. ஆரோ கொண்டுவந்து குத்தி வைச்சிருக்கினம்."

அப்பா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். கனநேரம் துடைத்தார்.

"காட்டில இருந்து ஏதும் மிருகம் வந்திருக்கும்," என்றார்.

"ஓம், வந்து, எட்டி நிண்டு, படலையில செருகிப்போட்டுப் போயிருக்கும்! குடும்பத்தை அழிக்க ஆரோ வந்து நிக்கினம், உங்களுக்குப் பகிடி."

அப்பா துவாயைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அம்மா அந்த முள்ளைக் கையால் தொடாமல் மஞ்சள் துணியில் சுற்றி, உப்பும் செத்தல் மிளகாயும் வைத்துக் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு துறைமுகக் கரைக்குப் போய் எறிந்தார். தண்ணீரில் எண்ணெய் படர்ந்து மயில் கழுத்து மாதிரி மினுங்கியது. நான் திரும்பிப் பார்க்கப் போக, என் தலையைப் பிடித்து நேரே திருப்பினார். திரும்பிப் பார்த்தால் செய்த பரிகாரம் பலிக்காதாம்.

இதற்கிடையில் பெரியம்மாவின் பக்கத்தில் வேறு ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா பின்வளவில் மரவள்ளி நட்டிருந்தார். கிழங்கை அவித்து, தேங்காய்ப்பூவும் கட்டைச்சம்பலும் சேர்த்து, துறைமுக வாசலில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குக் கொடுப்பார். அதுதான் அவருடைய சீவியம். ஒரு நாள் கிணற்றடியில் அம்மா உடுப்புத் தோய்க்க, நான் கால் கழுவ, பெரியம்மா வாளியை இறக்கிக்கொண்டே சொன்னார்.

"எடி தங்கச்சி, என்ர மரவள்ளியை ஆரோ தோண்டுறாங்கள்."

"ஆரக்கா?"

"ஆரெண்டு தெரிஞ்சால் சொல்லமாட்டனோ? ஆனால் ஒண்டு. ஜிம்மி சத்தமே போடேல்லை. பாண்காரனுக்கும் குரைக்கிற நாய். அப்ப வந்தது தெரிஞ்ச ஆள்தானே?"

அம்மா தோய்த்த சட்டையை முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் எல்லாம் போன பிறகும் பிழிந்தார்.

"தெரிஞ்ச ஆக்கள்தான் அக்கா எல்லாம் செய்யிறது. படலை வரைக்கும் வந்து செய்யினம்."

பெரியம்மா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். வாளி மேலே வரும் வரை கப்பியின் கீச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் சும்மா நடக்கவில்லை. முருங்கையடியில் இன்னொரு முள் கிடந்தது. தோய்க்கிற கல்லுக்குப் பின்னால் ஒன்று. ஒவ்வொன்றையும் அம்மா மஞ்சள் துணியில் கட்டினார். சீப்பில் வந்த என் தலைமயிரை வெளியே போடவிடாமல் அடுப்பில் போட்டார். வெட்டிய நகத்தைப் பொறுக்கி எடுத்துக் கழிப்பறைக் குழிக்குள் போட்டார். கொடியில் காய்கிற என் சட்டைகளைப் பொழுது படுமுன் உள்ளே எடுத்து, பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். கிணற்றுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உலை வைத்தார். பெரியம்மா தும்மினாலும் அம்மாவின் கை நின்றுவிடும்.

எனக்குக் காய்ச்சல் வந்தது. கச்சான் காலத்தில் எந்தப் பிள்ளைக்குத்தான் வராது? ஆனால் அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அன்புவழிபுரத்துக்கு அப்பால் பார்வை பார்க்கிற ஒருவர் இருந்தார். அம்மா பஸ் ஏறிப் போய், தேசிக்காயும் நூலும் திருநீறும் வாங்கிக்கொண்டு வந்தார். அன்று பின்னேரம் அப்பாவுக்கு அம்மா சொன்னதை, நெற்றியில் ஈரத்துணியோடு கிடந்த நான் கேட்டேன்.

"சொந்த ரத்தமாம். கிழக்குப் பக்கமாம்."

பெரியம்மாவின் வீடு எங்களுக்குக் கிழக்கே. எல்லா வீட்டுக்கும் ஒரு கிழக்கு இருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

"உன்ர கூடப்பிறந்தவளடியப்பா," என்றார் அப்பா.

"அவவுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு இருக்கு. இதைவிட என்ன காரணம் வேணும்?"

அப்பா ஏதோ சொல்ல வந்தார். கதிரையில் முன்னுக்குச் சரிந்து, பிறகு பின்னுக்குச் சாய்ந்துவிட்டார். அன்று மத்தியானந்தான் பெரியம்மா எனக்கென்று மல்லி அவித்துப் பித்தளைச் செம்பில் பொட்டு வழியாகத் தந்துவிட்டுப் போயிருந்தார். அம்மா அதை வாழையடியில் ஊற்றியதைக் கட்டிலில் கிடந்தபடி நான் பார்த்தேன். மல்லி மணம் யன்னல் வழியாக வந்தது.

இந்தக் களேபரத்தில் ஜிம்மியை யார் பார்த்தது? அது குரைப்பதை விட்டிருந்தது. விறகு அடுக்குக்குப் பின்னால் போய்ச் சுருண்டு கிடந்தது. பெரியம்மா நாக்கால் சத்தம் போட்டால் மட்டும் எழும்பிப் போகும். கோப்பையை முகரும், சாப்பிடாது. ஒரு நாள் பெரியம்மா பொறுக்கமாட்டாமல் பொட்டு வழியாக வந்து, கோப்பையை அதன் முன்னால் வைத்து, கழுத்தடியில் தடவினார். ஜிம்மி ஒருநாளும் இல்லாத மாதிரி பல்லைக் காட்டிச் சீறிக்கொண்டு அவருடைய கைக்குப் பாய்ந்தது. மயிரிழையில் தப்பியது கை.

குசினி வாசலில் நின்ற அம்மா, எனக்குச் சொல்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

"பாத்தியா பிள்ளை? வாயில்லாச் சீவனுக்கும் விளங்குது, ஆர் எப்பிடி எண்டு."

பெரியம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் விடிந்து பார்த்தால் பொட்டு முழுக்க இலந்தை முள்ளுக் கொப்புகள். பெரியம்மா தன் பக்கத்தால் அடைத்துவிட்டார்.

"அவ அடைச்சாப் போலை? நாங்களும் அடைப்பம்," என்று அம்மா நிற்க, அப்பா இந்தப் பக்கத்தில் கிடுகு வைத்துக் கட்டினார். கப்பல் கயிற்றில் எத்தனையோ முடிச்சுப் போடத் தெரிந்த மனுசன், அன்றைக்குக் கயிற்றை இறுக்காமல் சும்மா சுற்றி விட்டார். சின்னப் பிள்ளை எனக்கே அது கண்ணில் பட்டது. ஏனென்றுதான் விளங்கவில்லை.

பொட்டு அடைபட்ட பிறகு ஜிம்மி பெரியம்மாவின் பக்கம் போகவும் வழியில்லை. வாயால் வீணீர் வடியத் தொடங்கியது. வெளிச்சத்துக்கு வராது. முகம் ஒரு பக்கம் வீங்கியது.

"உது விசர்தான், வெறி பிடிச்சிட்டுது," என்றார் அம்மா. "பிள்ளை இருக்கிற வீடு. வைச்சிருக்க ஏலாது."

அப்பா அதை முருங்கையில் ஒரு கப்பல் கயிற்றால் கட்டினார். நாய் பிடிக்கிற லொறி வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் வருகிறதாம். கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன். ஒன்று போதாது என்று பயந்து இரண்டாக்கினேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கேட்டது எதுவும் காதில் விழவில்லை. லொறிச் சத்தம் கேட்கிறதா என்றே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா தலைமுழுகிச் சாமி அறையில் நின்றார். நான் போகக் கூடாதென்ற இடத்துக்குப் போனேன். ஜிம்மி என்னைப் பார்த்து வாலை ஒரு தரம் தரையில் அடித்தது. விசர் நாய் வாலாட்டுமா என்று எனக்குள் ஒரு கேள்வி. காதுக்குப் பின்னால் உண்ணி மொய்த்திருந்தது. முன்பெல்லாம் பிடுங்கிவிடுவது போல ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு தாடைக்குக் கீழே வந்தேன். அங்கே தோலுக்கு அடியில் ஏதோ விறைப்பாக, பின்னல் ஊசி மாதிரித் தட்டுப்பட்டது. அழுத்தினேன். ஜிம்மி போட்ட ஊளை இன்னும் என் காதில் கிடக்கிறது.

வேலி முறிகிற சத்தம் கேட்டது. இலந்தைக் கொப்பையும் கிடுகையும் தள்ளிக்கொண்டு பெரியம்மா வந்தார். முழங்கை முழுக்கக் கீறி இரத்தம்.

"பிள்ளை, கையை எடு. விலகு. எங்க நொந்தது, காட்டு."

அம்மா திருநீற்றுக் கையோடு ஓடிவந்தார். "விசர் நாயக்கா! கிட்டப் போகாதீங்கோ, கடிச்சுப்போடும்!"

அத்தனை நாளுக்குப் பிறகு அம்மாவின் வாயில் வந்த முதல் "அக்கா" அதுதான்.

"கடிச்சாக் கடிக்கட்டும். எனக்கு ஆர் இருக்கினம் அழ?" பெரியம்மா அப்பாவைப் பார்த்தார். "சாக்கு ஒண்டு தாருங்கோ. குறடும்."

அப்பா கேட்கிறதுக்கு முன்னமே குறட்டோடு நின்றார். சாக்கால் தலையைப் போர்த்தி, முழங்காலுக்கு இடையில் நாயை இடுக்கி, பெரியம்மா தாடைக்கு அடியில் தடவினார். வாய் ஏதோ தேவாரத்தை முணுமுணுத்தது. "பின்னங்காலைப் பிடியுங்கோ. இறுக்கி." ஒரு இழுவை. சீழும் இரத்தமுமாக முறிந்த முள் ஒன்று வந்தது. கறுப்பு, வெள்ளை. பிறகு கன்னத்துக்குள் இருந்து இன்னொன்று.

ஜிம்மி சாக்குக்குள் இருந்து தலையை எடுத்து, பெரியம்மாவின் கீறல் விழுந்த கையை நக்கியது.

அந்த நேரம்தான் லொறி வந்து நின்றது. "ஐயா, விசர் நாய் ஒண்டு இருக்கெண்டினம்?"

"இல்லைத் தம்பி," என்றார் அப்பா. "இஞ்ச நாய்க்கு விசர் இல்லை."

பெரியம்மா எழும்பித் தன் வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஒரு பால்மாப் பேணியோடு திரும்பி வந்து, மூடியைத் திறந்து அம்மாவின் காலடியில் கொட்டினார். மஞ்சள் பூசிய முட்கள்.

"இது என்ர குசினி வாசலில கிடந்தது. இது கிணத்தடியில. நீதான் போட்டனீ எண்டு நினைச்சன். காளி கோயிலில நேர்த்தியும் வைச்சிட்டன், கண்டறியாத நேர்த்தி."

"நானோ? நான் உங்களுக்கோ அக்கா?"

"பின்ன? நீ என்னை நினைக்கேல்லையோ?"

அம்மா முந்தானையை வாயில் வைத்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பெரியம்மா சிரிக்கத் தொடங்கிய பிறகு இரண்டு பேருமே இரண்டையும் செய்தார்கள். பிறகு எல்லோரும் மரவள்ளித் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தோம். தோண்டிப் போட்ட கிழங்குகளில் உளியால் கொத்தின மாதிரிப் பல்லுத் தடம். தண்ணீரும் கிழங்கும் தேடி முள்ளம்பன்றி பற்றைக்குள்ளால் இறங்கி வந்திருக்கிறது. மறித்த ஜிம்மி முகம் முழுக்க முள் வாங்கிக்கொண்டு, நோவில் இரண்டு வளவிலும் உரஞ்சி உரஞ்சி உதிர்த்திருக்கிறது. வாய் திறந்து குரைக்கவும் அதனால் முடியவில்லை. அந்த மிருகத்தை நாங்கள் ஒருநாளும் கண்ணால் காணவில்லை. அப்பா பழைய தகரம் வைத்துத் தோட்டத்தை அடைத்தார். பொட்டை அகலமாகத் திறந்தார்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அன்று விளக்கு வைத்த பிறகு, அம்மா குசினியில் மெல்லக் கேட்டார்.

"எல்லாம் சரி. அப்ப படலையில செருகிக் கிடந்தது? நாய் எப்பிடிச் செருகும்?"

"தேத்தண்ணி சுடுது," என்று சொல்லி அப்பா கோப்பையோடு வெளியே போய்விட்டார்.

அந்த ஒரு முள் அம்மாவுக்குள் நின்றுவிட்டது. அக்காவோடு சிரித்தார், கோயிலுக்குச் சேர்ந்து போனார், அவருக்குச் சுகமில்லையென்றால் போய்ப் பார்த்தார். ஆனால் பெரியம்மாவின் கையால் வந்த எதையும் வாயில் வைக்கவில்லை. பெரியம்மா பால்ரொட்டி நன்றாகச் சுடுவார். வாழையிலையில் சுற்றிச் சூட்டோடு பொட்டு வழியாகத் தருவார். அம்மா வாங்கி, "நல்ல மணம் அக்கா" என்பார். பெரியம்மாவின் தலை மறைந்ததும் முழுவதும் ஜிம்மிக்குப் போகும். எனக்கும் கிடையாது. ஜிம்மி கொழுத்தது.

பெரியம்மாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் இலைச்சுருளை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "உங்கட நாய்க்கு என்ர பால்ரொட்டி நல்லாப் பிடிக்கும் போல." முகத்தில் கோபம் இல்லை. அதற்குப் பிறகும் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார். ஜிம்மி செத்து, வேறு நாய்கள் வந்து போய், யுத்தத்தில் நாங்கள் ஊரை விட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்து, வேலி மதிலாகி, மதிலில் ஒரு சின்னக் கதவு வைத்த பிறகும் அனுப்பினார்.

பெரியம்மா நல்ல வயது போய்த்தான் கண்ணை மூடினார். பிள்ளை இல்லாதவருக்கு முப்பத்தோராம் நாள் எங்கள் வீட்டில்தான் செய்தோம். அவருக்குப் பிடித்ததென்று நான் பால்ரொட்டி சுட்டுப் படையலில் வைத்தேன். ஐயர் போன பிறகு, அம்மாவும் அப்பாவும் வாசலில் கதிரை போட்டு இருந்தார்கள். என் பேரன் வெறுங்காலோடு முற்றத்தில் ஓடினான்.

"டேய், செருப்பைப் போடு," என்ற அப்பா, பொல்லை ஊன்றி மெதுவாகக் குனிந்தார். தோரணம் கட்டின இடத்தில் உதிர்ந்து கிடந்த குண்டூசி ஒன்றைப் பொறுக்கினார். சுற்றிப் பார்த்தார். கையை உயர்த்தி, வாசல் தோரணத்துத் தென்னோலையில் செருகினார்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"கீழ கிடந்தாப் பிள்ளையின்ர காலில குத்துமெல்லே. மேல செருகி விட்டால்..."

அப்பாவின் கை தோரணத்திலேயே நின்றது.

"அண்டைக்கும் நீங்கள்தானோ?" என்று அம்மா கேட்டார்.

"வேலையால வரேக்க படலையடியில கிடந்தது. பிள்ளை வெறுங்காலோட ஓடித் திரியிறவள் எண்டு... நீ போட்ட சத்தத்தில எனக்கு வாய் வரேல்லை. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு..."

அம்மா அவரைத் திட்டவில்லை. மதிலில் இருந்த சின்னக் கதவைப் பார்த்தார். பிறகு எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய், பெரியம்மாவின் படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். படையல் இலையில் இருந்து ஒரு பால்ரொட்டியை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. கடித்தார். அது முடிய இன்னொன்றை எடுத்தார்.

"காணும் அம்மா, இனியும் சாப்பிட்டால் நெஞ்சு எரியும்," என்றேன்.

அவர் கேட்கவில்லை. இலையில் இருந்தது முழுவதையும் தானே சாப்பிட்டார்.